‘வரலாற்றில் இன்று’ பலகையைப் பிழையில்லாமல் எழுதுவது எப்படி: டிசம்பர் 11-ஐ வைத்து ஒரு செய்முறை

பள்ளியின் காலை வழிபாட்டுக் கூட்டத்திலோ நூலக வாசலில் உள்ள கரும்பலகையிலோ ‘வரலாற்றில் இன்று’ என்ற தலைப்பில் நாள்தோறும் நான்கைந்து வரிகள் எழுதும் பொறுப்பு உங்களிடம் வந்து சேர்ந்திருந்தால், முதலில் கைக்கு எட்டுவது வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிவைத்த முப்பது வரிப் பட்டியலாகத்தான் இருக்கும். அதைப் பார்த்து எழுதினால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். நானும் தொடக்கத்தில் அப்படித்தான் செய்தேன். ஒரு டிசம்பர் 11 அன்று பறவையியலாளர் சாலிம் அலியின் பிறந்த நாள் என்று எழுதிவிட்டு வகுப்புக்குப் போனேன். இடைவேளையில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி வந்து, போன மாதம் 12-ஆம் தேதி ஏரிக்கரைக்குப் பறவை பார்க்க அழைத்துச் சென்றபோதும் அவருடைய பிறந்த நாள் என்றுதானே சொன்னீர்கள் என்று கேட்டாள். அவள் சொன்னதே சரி. சாலிம் அலி பிறந்தது 1896 நவம்பர் 12. நம் வழக்கப்படி 12/11 என்று எழுதப்பட்டிருந்ததை, மாதத்தை முன்னால் எழுதும் அமெரிக்க வழக்கப்படி யாரோ படித்திருக்கிறார்கள். நவம்பர் 12 அவர் கையில் டிசம்பர் 11 ஆகிவிட்டது. நான் அதற்குச் சுண்ணக்கட்டி பிடித்திருக்கிறேன்.

அன்றிலிருந்து கடைப்பிடிக்கும் முறையை அதே டிசம்பர் 11-ஐ எடுத்துக்காட்டாக வைத்து இங்கே எழுதுகிறேன். முதல் விதி அந்த மாணவியிடமிருந்து வந்தது: குறிப்பேட்டில் மாதத்தை ஒருபோதும் எண்ணால் எழுதக் கூடாது. ‘டிசம்பர்’ என்று எழுத்தால் எழுதிப் பழகிவிட்டால் இந்த ஒரு வகைப் பிழை அடியோடு நின்றுவிடும்.

சேகரிப்பது

நாளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கிய தடித்த குறிப்பேடு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். விக்கிப்பீடியாவின் நாள் பக்கங்கள், வாட்ஸ்அப் பட்டியல்கள், பழைய ஆண்டுமலர்கள் ஆகியவற்றில் கிடைப்பதை எல்லாம் அந்தப் பக்கத்தில் பென்சிலால் எழுதலாம்; இந்தக் கட்டத்தில் வடிகட்ட வேண்டாம். டிசம்பர் 11-க்கு என் பக்கத்தில் பென்சிலில் இருப்பவற்றில் சில: 1843-இல் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்த ராபர்ட் கோக் பிறந்தார். 1882-இல் எட்டயபுரத்தில் சுப்பிரமணிய பாரதியார் பிறந்தார். 1911-இல் கெய்ரோவில் எழுத்தாளர் நகீப் மஹ்ஃபூஸ், 1922-இல் பெஷாவரில் நடிகர் திலீப் குமார், 1935-இல் பிரணாப் முகர்ஜி, 1969-இல் மயிலாடுதுறையில் விசுவநாதன் ஆனந்த் ஆகியோர் பிறந்தார்கள். 1946-இல் ஐக்கிய நாடுகள் அவை யுனிசெஃப் அமைப்பைத் தொடங்கியது. 1997-இல் கியோட்டோ நெறிமுறை ஏற்கப்பட்டது. 2004-இல் சென்னையில் எம்.எஸ். சுப்புலட்சுமி மறைந்தார். இவற்றோடு, 2003 முதல் இந்த நாள் பன்னாட்டு மலைகள் நாளாகவும் கடைப்பிடிக்கப்படுகிறது.

பென்சிலில் இருப்பது பேனாவுக்கு மாற வேண்டுமானால், ஒன்றை ஒன்று பார்த்து எழுதாத இரண்டு இடங்களில் அந்தத் தேதி இருக்க வேண்டும். பத்துத் தளங்களில் ஒரே வாக்கியம், ஒரே எழுத்துப்பிழையோடு இருந்தால் அது பத்துச் சான்று அல்ல, ஒரே சான்றுதான். நோபெல் பரிசு பெற்றவர்களுக்கு நோபெல் அமைப்பின் வலைத்தளத்தில் உள்ள வாழ்க்கைக் குறிப்பும், விண்வெளிப் பயணங்களுக்கு நாசாவின் பதிவுகளும், இந்திய அரசியலமைப்பு தொடர்பானவற்றுக்கு அரசியல் நிர்ணய சபையின் விவாதத் தொகுதிகளும் போதுமான மூலங்கள். பழைய நாளிதழைச் சான்றாகக் கொள்ளும்போது மட்டும் ஒன்றை மறந்துவிடக் கூடாது: 12-ஆம் தேதி இதழ் பேசுவது பெரும்பாலும் 11-ஆம் தேதி நடந்ததைத்தான். ‘நேற்று’ என்ற சொல்லைக் கவனிக்காமல் இதழின் தேதியையே நிகழ்ச்சியின் தேதியாக எடுத்துக்கொண்ட பட்டியல்கள் ஏராளமாக உலவுகின்றன.

நம் நாட்டில் சென்ற தலைமுறையினரின் பிறந்த தேதிகளுக்குத் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. பள்ளியில் சேர்க்கும் நாளன்று வயது நிறைந்திருக்க வேண்டும் என்பதற்காகத் தலைமையாசிரியர் மனக்கணக்காகப் போட்ட தேதியே பலருக்குச் சான்றிதழில் நிலைத்துவிட்டது. வீட்டில் சொல்லும் தேதி ஒன்றாகவும் சான்றிதழில் உள்ளது வேறாகவும் இருந்தால், எது பொதுவில் கொண்டாடப்படுகிறதோ அதை எடுத்துக்கொண்டு, குறிப்பேட்டில் மற்றதையும் பதிந்துவைப்பதே நேர்மை.

எந்த ஊர்க் கடிகாரம்?

தேதி என்பது ஓர் ஊரின் கடிகாரத்தைச் சார்ந்தது. இதை மறந்தால், சரியான மூலத்தைப் பார்த்து எழுதியும் தவறு நேரும். சிதார் மேதை பண்டிட் ரவிசங்கர் 2012 டிசம்பர் 11 அன்று மாலை கலிபோர்னியாவின் சான் டியேகோ பகுதியில் காலமானார். அங்கே பிற்பகல் நாலரை மணியளவில் இருந்தபோது இந்தியாவில் மறுநாள் காலை ஆறு மணி. எனவே, 12-ஆம் தேதி விடிந்ததும் இந்தச் செய்தியோடு கண்விழித்தவர்கள் அந்தத் தேதியையே நினைவில் வைத்திருப்பதில் வியப்பில்லை. அப்போலோ வரிசையின் கடைசிப் பயணமான அப்போலோ 17-உம் இப்படித்தான். யூஜின் செர்னனும் ஹாரிசன் ஷ்மிட்டும் நிலவில் இறங்கியது 1972 டிசம்பர் 11. அப்போது ஹூஸ்டனில் பிற்பகல் இரண்டு மணி ஆகப்போகிறது, சென்னையிலோ 12-ஆம் தேதி பிறந்து ஒன்றரை மணி நேரம் ஆகப்போகிறது.

இதற்கு நான் வைத்திருக்கும் விதி எளிது. நிகழ்ச்சி நடந்த இடத்தின் தேதியை எடுத்துக்கொள்ள வேண்டும். இடத்தின் பெயரையும் அதே வரியில் எழுத வேண்டும். நிலவுக்கு ஊர்க்கடிகாரம் கிடையாது என்பதால் அங்கே மட்டும் உலகப் பொது நேரத்தைக் கொள்ளலாம்.

இடத்தை எழுதாவிட்டால் முன்பின் மாறிப்போகும் என்பதற்கு 1941 டிசம்பரைவிட நல்ல பாடம் இல்லை. பேர்ல் துறைமுகத் தாக்குதலின் தேதி டிசம்பர் 7. மலாயாவின் கோத்தா பாருவில் ஜப்பானியப் படைகள் கரையிறங்கிய தேதி டிசம்பர் 8. பட்டியலில் இரண்டையும் பார்க்கும் மாணவர் முதலில் நடந்தது பேர்ல் துறைமுகம் என்றே சொல்வார். ஆனால், கோத்தா பாருவில் சண்டை தொடங்கிய பிறகுதான் ஹவாயில் குண்டு விழுந்தது. நடுவில் பன்னாட்டுத் தேதிக்கோடு ஓடுவதால், பின்னால் நடந்ததற்கு முந்தைய தேதி அமைந்துவிட்டது. அந்தப் போரின் நான்காம் நாளான டிசம்பர் 11 அன்று பினாங்கின் ஜார்ஜ் டவுன் நகரத்தின்மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. அதே தேதியில் ஜெர்மனியும் இத்தாலியும் அமெரிக்கா மீது போர் அறிவித்தன. உலக வரலாற்று நூல்கள் பின்னதையே பெரிதாகச் சொல்லும். நம் பலகையில் நான் எழுதுவது பினாங்கைத்தான். அந்நகரில் தலைமுறைகளாக வாழ்ந்த தமிழர்களின் உறவுகள் நம் ஊர்களிலும் இருக்கிறார்கள்.

நள்ளிரவும் நமக்கு வேலை வைக்கும். பாரதியாரின் நினைவு நாள் செப்டம்பர் 11 என்று ஒரு சாராரும் 12 என்று மற்றொரு சாராரும் சொல்வதற்குக் காரணம், 1921 செப்டம்பர் 11 ஞாயிறு இரவு நள்ளிரவு தாண்டி ஏறத்தாழ ஒன்றரை மணிக்குத் திருவல்லிக்கேணியில் அவர் உயிர் பிரிந்தது என்பதுதான். ஆங்கிலக் கணக்கில் நள்ளிரவோடு நாள் மாறிவிடும். நம் வீடுகளில் பொழுது விடிந்தால்தான் மறுநாள். ‘செப்டம்பர் 11 நள்ளிரவுக்குப் பின், 12 அதிகாலை’ என்று முழுமையாக எழுதிவிட்டால் இரு சாராருக்கும் மறுமொழி கிடைத்துவிடும்.

நிகழ்ச்சி எப்போது ‘நடந்தது’?

ஒரு செயல் ஒரே நாளில் முடியாதபோது எந்த நாளைக் கணக்கில் கொள்வது? எட்டாம் எட்வர்டு மன்னர் முடிதுறந்ததை டிசம்பர் 10 என்றும் 11 என்றும் பட்டியல்கள் மாறிமாறிச் சொல்கின்றன, இரண்டும் பொய்யல்ல. முடிதுறக்கும் ஆவணத்தில் அவர் கையெழுத்திட்டது 1936 டிசம்பர் 10. பிரிட்டன் நாடாளுமன்றம் அதற்கான சட்டத்தை நிறைவேற்றி, ஆறாம் ஜார்ஜ் அரசரானதும், அன்றிரவு எட்வர்டு வானொலியில் பேசியதும் டிசம்பர் 11. இதோடு கதை முடிந்துவிடவில்லை. அயர்லாந்து தன் சட்டத்தை 12-ஆம் தேதிதான் இயற்றியது. ஆகவே, அங்கே அவர் ஒரு நாள் கூடுதலாக மன்னர். தென்னாப்பிரிக்கா பிற்பாடு இயற்றிய சட்டத்தில் 10-ஆம் தேதியையே முடிதுறந்த நாளாகக் கொண்டது. ஒரே மனிதர் மூன்று நாட்களில் முடிதுறக்க முடிந்ததற்குக் காரணம், அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா போன்ற, பிரிட்டிஷ் மன்னரின் கீழ் தன்னாட்சி பெற்றிருந்த டொமினியன் நாடுகள் தங்கள் சட்டங்களைத் தாங்களே இயற்றலாம் என்று வகைசெய்த வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம். அது நிறைவேறிய தேதியைப் பார்த்தால் 1931 டிசம்பர் 11, சரியாக ஐந்தாண்டுகளுக்கு முன்பு!

இப்படிப்பட்ட இடங்களில் வினைச்சொல்லே நம்மைக் காப்பாற்றும். ‘முடிதுறப்பு’ என்று பெயர்ச்சொல்லோடு நிறுத்தாமல், ‘கையெழுத்திட்டார்’, ‘சட்டம் நிறைவேறியது’, ‘நடைமுறைக்கு வந்தது’ என்று என்ன செயல் என்பதைத் தெளிவாக எழுதினால் தேதி தானாகச் சரியாகிவிடும். கியோட்டோ நெறிமுறைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்: 1997 டிசம்பர் 11 அன்று அது ஏற்கப்பட்டது, நடைமுறைக்கு வந்தது 2005-இல்.

எந்த நாட்காட்டி?

பதினெட்டாம் நூற்றாண்டுக்கு முற்பட்ட மேலைநாட்டுத் தேதி எதைக் கண்டாலும் ஒரு கணம் நின்று பாருங்கள். இங்கிலாந்திலிருந்து மேஃபிளவர் கப்பலில் அமெரிக்காவுக்கு வந்த குடியேறிகளில் சிலர் 1620 டிசம்பர் 11 அன்று பிளைமவுத்தில் கரையிறங்கினார்கள் என்று பட்டியல் சொல்லும். அது அன்றைய இங்கிலாந்து பின்பற்றிய ஜூலியன் நாட்காட்டித் தேதி. இன்று நாம் பயன்படுத்தும் கிரிகோரியன் கணக்கில் டிசம்பர் 21. இங்கிலாந்து 1752-இல்தான் மாறியது. அந்த ஆண்டில் செப்டம்பர் 2-க்கு அடுத்த நாள் செப்டம்பர் 14.

இது நமக்குத் தொலைவான செய்தி என்று எண்ண வேண்டாம். பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் புதிய நாட்காட்டியையும் ஆங்கிலேயர் சென்னையில் பழைய நாட்காட்டியையும் வைத்திருந்ததால், நூறு மைல் இடைவெளியில் பதினொரு நாள் வேறுபாடு இருந்தது. 1746-இல் பிரெஞ்சுப் படையிடம் சென்னை வீழ்ந்த நாள் ஆங்கிலேயர் கணக்கில் செப்டம்பர் 10, பிரெஞ்சுக்காரர் கணக்கில் செப்டம்பர் 21. அக்காலத்துக்குச் சான்றாக நிற்கும் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் தமிழ் ஆண்டும் மாதமும் தேதியும் சேர்ந்தே வருவது ஆய்வாளருக்குப் பெரிய உதவி.

தமிழ்த் தேதியைச் சேர்க்க விரும்புகிறவர்கள், பிறந்த ஆண்டின் தமிழ்த் தேதியை இந்த ஆண்டின் ஆங்கிலத் தேதியோடு ஒட்டவைத்துவிடக் கூடாது. பாரதியார் பிறந்தது சித்திரபானு ஆண்டு கார்த்திகை 27. இப்போதெல்லாம் டிசம்பர் 11 வருவது பெரும்பாலும் கார்த்திகை 25 அல்லது 26. நட்சத்திரப்படி கொண்டாடப்படும் நாயன்மார் குருபூசை போன்றவை ஆங்கில மாதத்தில் ஆண்டுதோறும் நகர்ந்துகொண்டே இருக்கும் என்பதால், அவற்றை நிலையான பக்கத்தில் எழுதாமல் அந்தந்த ஆண்டுப் பஞ்சாங்கத்தைப் பார்த்துத் தனித்தாளில் எழுதி வைப்பதே நல்லது.

கிழமையைக் கொண்டு சரிபார்ப்பது

மூலத்தில் தேதியோடு கிழமையும் இருந்தால் அது வரம். ஒரே தேதி ஆண்டுக்கு ஒரு கிழமை முன்னே நகரும். இடையில் பிப்ரவரி 29 வந்தால் இரண்டு கிழமை நகரும். இதை மட்டும் வைத்துத் தாளில் கணக்குப் போட்டுவிடலாம்.

பாரதியார் பிறந்தது திங்கட்கிழமை என்று ஒரு குறிப்பில் படித்தேன். ஆனந்த் பிறந்த 1969 டிசம்பர் 11 வியாழக்கிழமை என்பதைக் கைப்பேசி நாட்காட்டி காட்டிவிட்டது. 1882-இலிருந்து 1969 வரை 87 ஆண்டுகள். இடையில் 1884 முதல் 1968 வரை நான்கால் வகுபடும் ஆண்டுகள் 22. அவற்றில் 1900 நூறால் வகுபட்டு நானூறால் வகுபடாததால் நெட்டாண்டு அல்ல, எனவே 21. இரண்டையும் கூட்டினால் 108. ஏழால் வகுக்க மீதி 3. வியாழனிலிருந்து மூன்று நாள் பின்னே போனால் புதன், செவ்வாய், திங்கள். கணக்கு பொருந்திவிட்டது. முதல் முறை போட்டபோது 1900-ஐ மறந்து ஞாயிறு என்று விடை வந்து, நல்ல குறிப்பொன்றைத் தவறென்று அடித்துவிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தேர்ந்தெடுப்பதும் எழுதுவதும்

பேனாவுக்கு மாறியவற்றில் ஐந்துக்கு மேல் பலகைக்கு வர வேண்டாம்; மணியடித்து வரிசையில் நிற்கும் பிள்ளைகள் அதற்கு மேல் கேட்க மாட்டார்கள். எதை விடுவது என்பது அவரவர் தீர்ப்பு. ஒரே நாளில் பிறந்த இருவரைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போது கேட்பவர்களின் முகம் மாறுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அதனால், ஆண்டும் ஒன்றாக இருக்கும் இணைகளை முதலில் தேடுவேன். டிசம்பர் 11-இல் அப்படி ஒன்று அகப்பட்டது. எட்டயபுரத்தில் பாரதியார் பிறந்த அதே 1882 டிசம்பர் 11 அன்று, இன்று போலந்தில் இருக்கும் பிரெஸ்லாவ் நகரில் மாக்ஸ் போர்ன் பிறந்தார். குவாண்டம் இயக்கவியலுக்காக 1954-இல் நோபெல் பரிசு பெற்ற அவர், ஹிட்லரின் ஜெர்மனியைவிட்டு வெளியேறிய பிறகு, சி.வி. ராமனின் அழைப்பை ஏற்று 1935-36-இல் சில மாதங்கள் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பணியாற்றினார். அப்போது பாரதியார் மறைந்து பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவருக்கு வாய்த்த ஆயுள் 38 ஆண்டு 9 மாதம். இதைப் பல பட்டியல்கள் 39 வயது என்று எழுதுகின்றன. பிறந்த நாள் வருவதற்கு முன் இறந்தவர்களின் வயதை, ஆண்டிலிருந்து ஆண்டைக் கழித்துப் போட்டால் எப்போதும் ஒன்று கூடிவிடும்.

எண்ணிக்கையில் இன்னொரு தடுமாற்றமும் உண்டு. 2025-இல் பாரதியாருக்கு 143 ஆண்டுகள் நிறைந்து 144-ஆம் ஆண்டு தொடங்கியது. ‘143-ஆவது பிறந்த நாள்’ என்று ஒருவரும் ‘144-ஆவது’ என்று இன்னொருவரும் எழுதிச் சண்டை போடுவதைத் தவிர்க்க, ‘143 ஆண்டுகள் நிறைவு’ என்று எழுதிவிடுங்கள்.

ஆசையால் தேதியை இழுக்கவும் கூடாது. குகேஷ் உலகச் சதுரங்க வாகையரானது 2024 டிசம்பர் 12. ஆனந்தின் பிறந்த நாளுக்கு மறுநாள். ‘ஆனந்தின் பிறந்த நாளில் சீடர் தந்த பரிசு’ என்று எழுத எவ்வளவு கை துறுதுறுத்தாலும் அது 12-ஆம் தேதிப் பலகைக்கு உரியது.

பிறப்பையும் இறப்பையும் ஒரே தொனியில் எழுதக் கூடாது, ‘இன்று எம்.எஸ். சுப்புலட்சுமி நினைவு நாளைக் கொண்டாடுகிறோம்’ என்று வாழ்த்துக் குரலில் ஒலிபெருக்கியில் படித்ததை ஒருமுறை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு வரியிலும் ஆண்டு, இடம், பெயர், வினை ஆகிய நான்கும் இருந்தால் போதும்; ‘உலகப் புகழ்பெற்ற’ போன்ற அடைமொழிகள் பலகையில் இடத்தை அடைப்பதோடு சரி.

இவ்வளவுக்கும் பிறகு சென்ற முறை பலகையில் ஏறியவை இவைதாம்:

1882: எட்டயபுரத்தில் சுப்பிரமணிய பாரதியார் பிறந்தார். அதே நாளில் பிரெஸ்லாவில் இயற்பியலாளர் மாக்ஸ் போர்ன் பிறந்தார்.

1941: பினாங்கின் ஜார்ஜ் டவுன் நகரத்தின்மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின.

1946: புது தில்லியில் அரசியல் நிர்ணய சபை ராஜேந்திர பிரசாத்தைத் தன் நிலையான தலைவராகத் தேர்ந்தெடுத்தது. அதே நாளில் ஐக்கிய நாடுகள் அவை குழந்தைகளுக்காக யுனிசெஃப் அமைப்பைத் தொடங்கியது.

1969: மயிலாடுதுறையில் விசுவநாதன் ஆனந்த் பிறந்தார், 1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார்.

2004: சென்னையில் எம்.எஸ். சுப்புலட்சுமி மறைந்தார்.

எழுதி முடித்ததும் பலகையைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு அதே ஐந்தையே எழுதாமல் குறிப்பேட்டிலிருந்து வேறு இரண்டையாவது மாற்றலாம். பிழை ஒன்று தெரியவந்தால், மறுநாள் பலகையின் முதல் வரியிலேயே, மற்ற வரிகளின் அளவிலேயே திருத்தத்தை எழுத வேண்டும். சாலிம் அலி விஷயத்தில் திருத்தத்தை எழுதச் சொல்லி அந்த மாணவியிடமே சுண்ணக்கட்டியைக் கொடுத்தேன். மாதத்தை அவள் எழுத்தால்தான் எழுதினாள்.